ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் வண்டி

ஊருக்கு அவள் வண்டியக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அப்பாவுக்கு இடுப்பு விட்டுப்போன வருடம் அவருடைய லாரியின் ஸ்டியரிங் அவள் கைக்கு வந்தது. அப்போது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. செங்கல், மணல், கோழித்தீவனம் என்று கிடைத்ததையெல்லாம் ஏற்றினாள். வழியில் லாரியை மறிக்கும் போலீஸ்காரர்கள், "டிரைவர் எங்கம்மா?" என்று அவள் தலைக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். "லோடுக்கு அடியில கிடக்காரு சார், வேணும்னா தோண்டி எடுத்துக்கங்க" என்பாள். சிரிக்காதவர்கள் அபராதம் எழுதினார்கள். சிரித்தவர்களிலும் சிலர் எழுதினார்கள்.

லாரி கிழடுதட்டி இரும்புக்கடைக்குப் போன பிறகு கொஞ்ச காலம் வீட்டில் சும்மா இருந்தாள். வீட்டுக்காரர் ஓடு ஆலையில் சூளைப் பக்கம் வேலை பார்த்தவர். தூசியை இழுத்து இழுத்து நெஞ்சு கெட்டுப்போய், மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிற ஆளாகி வேலையை விட்டிருந்தார். அடுப்படி அவர் வசம். "நீ சீக்கிரம் ஒரு வண்டியப் பார்த்துக்கோ. இல்லேன்னா இந்த வீட்டுல ரெண்டு டிரைவர் ஒரு கரண்டிக்கு அடிச்சுக்கணும்" என்று அவர்தான் அவளைக் கிளப்பிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஓடு ஆலை முதலாளி நடத்திய அறக்கட்டளை வேன் ஓட்ட ஆள் தேடியது. முதலாளியை எல்லோரும் பெரியவர் என்பார்கள். அவருடைய மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் நகரத்துக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ் செய்து அழைத்து வந்திருக்கிறார். காரும் காசும் இருந்தும் அந்த அலைச்சல் அவரை உருக்குலைத்துவிட்டது. மனைவி போனபின் ஆலையின் பழைய கிடங்கை வெள்ளையடித்து, இயந்திரங்கள் வாங்கிப் போட்டு, டாக்டரையும் நர்ஸையும் அமர்த்தி, அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு இலவசமாகத் திறந்துவிட்டார்.

முதல் மாதம் கட்டில்கள் பாதி காலியாகக் கிடந்தன. நோயாளிகள் இல்லாமல் இல்லை. வந்து சேர வழியில்லை. விடிகாலையில் பஸ் கிடையாது. நாலு மணி நேரம் இயந்திரத்தில் கிடந்தபின் பஸ் நிறுத்தத்தில் நிற்க உடம்பில் தெம்பு கிடையாது. துணைக்கு வருகிறவருக்கு அன்றைக்குக் கூலி போய்விடும். "மெஷின் இலவசம்னு போர்டு மாட்டிட்டாப் போதுமா? ஆளு மெஷின்கிட்ட வந்து சேரணும்ல?" என்று பெரியவர் தன் மேனேஜரைக் கடிந்துகொண்டாராம். அப்படி வந்தது வேன். வேனுக்கு வந்தாள் வண்டியக்கா. அவளுக்குச் சம்பளத்தைவிடப் பெரிதாகத் தோன்றியது வேறு. ஊழியர் குடும்பத்துக்கு வைத்தியச் செலவை அறக்கட்டளையே ஏற்றுக்கொண்டது. வீட்டுக்காரர் நெஞ்சுக்கு இழுக்கும் மருந்து அதன் பிறகு ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

அவளுடைய பாதையில் முதலில் ஏறுகிறவர் தையல்காரர். டவுசர் தைப்பதில் பெயர் எடுத்தவர். ஏறும்போதே யாருடைய சட்டைப் பொத்தான் தொங்குகிறது என்று பார்ப்பார். அடுத்து கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தை விட்டு வந்து வெகுகாலமாகியும் வேனில் யாராவது சத்தமாகப் பேசினால் "ஷ்" என்பார். இன்னும் சிலர். இவர்களோடு அவள் சிரித்துப் பேசி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான் ஒரு மத்தியானம் தம்பி போன் செய்தான்.

"அக்கா, அவளுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சாம்."

தம்பி எலக்ட்ரீஷியன். அவன் மனைவி போட்டோ ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் ஒட்டுகிறவள். பவுடர் கலையாத முகமும் கஞ்சி போட்ட புடவையுமாக நடக்கும் அவளுக்கு வண்டியக்கா மனசுக்குள் வைத்திருந்த பெயர் மகாராணி. நாத்தனாரான அவளும் தம்பி மனைவியும் பேச்சுவார்த்தையை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் வண்டியக்கா பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தபோது, "அண்ணி கையால வாங்காதீங்க, சாப்பாடு டீசல் வாடை அடிக்கும்" என்று மகாராணி பக்கத்து இலைக்காரியிடம் சொன்னாள். பந்தியே சிரித்தது. வண்டியக்கா வாளியை அங்கேயே வைத்துவிட்டு வெளியேறினாள். ஊரையே வாயால் மடக்குகிற அவளுக்கு அன்று பதில் வரவில்லை. அதுதான் ஆறவில்லை.

இப்போது போனைக் காதில் வைத்தபடி, "நாளைக்கே வந்து பேரைக் குடுத்துடு. மேனேஜர்கிட்ட நான் பேசறேன்" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

முதல் நாள் மகாராணி ஏறிக் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடியில் பார்த்தால் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். திரும்பும் வழியில், டயாலிசிஸ் முடிந்த களைப்பில், வாயைப் பொத்திக்கொள்ள நேரமில்லாமல் வாந்தி எடுத்துவிட்டாள். புடவை, இருக்கை, தரை எல்லாம். வண்டியக்கா ஓரங்கட்டி நிறுத்தினாள். வாளித் தண்ணீரும் துணியும் எடுத்துவந்து கழுவினாள். பிறகு அவள் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்:

"என்ன மகாராணி, டீசல் வாடை தாங்கலியா?"

வேனில் இருந்த யாருக்கும் புரியவில்லை. மகாராணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். முதலில் சிரிப்பு வந்தது. அது பாதியில் அழுகையாகத் திரும்பியது.

"நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அண்ணி."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல காலத் தூக்கு, அடியில துடைக்கணும்."

அடுத்த தடவை அவள் டிரைவர் இருக்கைக்குப் பின்னாலேயே உட்கார்ந்தாள். அதன் பின் அந்த இடத்தில் வேறு யாரும் உட்காரவில்லை.

அந்த வருடங்களில் வண்டியக்காவின் பெரிய வேலை ஓட்டுவது அல்ல, தண்ணீர்க் காவல். டயாலிசிஸ்காரர்கள் குடிக்கும் தண்ணீர் உடம்பை விட்டு வெளியேறாது. கால் வீங்கும், பிறகு நெஞ்சில் ஏறி மூச்சை அடைக்கும். நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மகாராணி திருட்டுத்தனத்தில் கெட்டிக்காரி. வேன் வாசலில் காத்திருக்க, பல் விளக்கப் போனால் அரைமணி வரமாட்டாள். கொப்புளிக்கிற சாக்கில் பாதி உள்ளே போகும்.

"ஏன்டி, எத்தனை பல்லு இருக்கு உனக்கு? முதலைகூட இவ்வளவு நேரம் விளக்காது."

"ஒரு வாய்தான் அண்ணி. நாக்கு ஒட்டிக்குது."

"ஒட்டட்டும். கொஞ்சம் பேச்சு குறையும்."

இப்படிப் பேசிவிட்டு, வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் கொண்டுவந்த ஐஸ் கட்டி ஒன்றை அவள் வாயில் போடுவாள். சப்பிக்கொண்டே வரும் மகாராணி, தையல்காரரோடு சினிமாக் கதை பேசுவாள். சில சமயம் வேன் முழுக்கச் சிரிப்பாக இருக்கும். பக்கத்தில் கடந்துபோகிறவர்கள் கல்யாண கோஷ்டி என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பெரியவர் மாதத்தில் சில நாள் வந்து கட்டில்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்வார். அறிவுரை எதுவும் சொல்லமாட்டார். யாருக்காவது குளிர் எடுத்தால் போர்வையை இழுத்துவிடுவார். ஒரு மழைக்காலத்தில் அவர் வருவது நின்றது. தூக்கத்திலேயே போய்விட்டார் என்று மேனேஜர் வந்து சொன்னபோது, இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டிருந்த யாராலும் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. படுத்தபடியே அழுதார்கள்.

அறக்கட்டளை அவருடைய மகள் கைக்கு வந்தது. வெளிநாட்டில் படித்தவள், நல்லவளும்கூட. வந்த புதிதில் எல்லோருடைய வீட்டுக்கும் போய் விசாரித்தாள். ஒரு வருடம் கழித்து, நோயாளிகளையும் ஊழியர்களையும் ஆலைக் கூடத்தில் கூட்டி வைத்துப் பேசினாள்.

"அப்பா செஞ்சது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா இந்த ஒரு அறைக்கு ஆகுற செலவுல, இந்தப் பக்கத்துல இருக்கிற எல்லா ஊருக்கும் வண்டி அனுப்பி சுகர், பிரஷர், ரத்தம் எல்லாம் பார்த்துடலாம். முன்னாடியே கண்டுபிடிச்சுட்டா இனிமே யாரும் இந்த மெஷின்வரைக்கும் வரவேண்டியதே இல்ல. அறக்கட்டளைக் குழுவுல எல்லாரும் இதைத்தான் முடிவு பண்ணியிருக்காங்க."

கணக்கு வாத்தியார்தான் முதலில் வாயைத் திறந்தார். "கணக்கு சரிதாம்மா. அதுல ஒரு தப்பும் இல்ல. நாங்கதான் கழிச்சு எழுதற பக்கத்துல வரோம்."

வண்டியக்கா எழுந்தாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. குரல் தேவைக்குமேல் சத்தமாக வந்தது.

"புதுசா வரப்போறவங்களப் பாருங்கம்மா, வேண்டாம்னு சொல்லல. ஏற்கனவே ஏத்திட்டு வந்தவங்கள நடுவழியில எப்படி இறக்கி விடறது?"

மகளின் கண் கலங்கிவிட்டது. "கொஞ்ச மாசம் டைம் இருக்குக்கா. அதுக்குள்ள எல்லாருக்கும் பெரிய ஆஸ்பத்திரில இடம் வாங்கித் தரேன். நானே போய்ப் பேசறேன்."

பேசினாள். பொய் சொல்லவில்லை. ஆனால் அரசாங்கத்தின் பெரிய ஆஸ்பத்திரியில் இயந்திரங்கள் குறைவு. அதிலும் ஒன்று எப்போதும் ரிப்பேர். காத்திருப்பவர்கள் வராந்தா தாண்டி மரத்தடிவரை இருந்தார்கள். முடிவில் இவர்களுக்கு வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் அவசர கேஸ் வராவிட்டால், என்று ஏற்பாடானது. கிடங்கு பூட்டப்பட்டது. இயந்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வண்டியக்கா வாசலில் நின்று பார்த்தாள். கட்டத் தெரியாமல் கட்டியிருந்த கயிற்றைக்கூட அவள் சரிசெய்யச் சொல்லவில்லை.

முதலில் போய்ச்சேர்ந்தவர் தையல்காரர். பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறிப் போகிற வழியில், பஸ்ஸுக்குள்ளேயே, உட்கார்ந்தபடி. பக்கத்தில் இருந்தவர் அவர் தூங்குகிறார் என்று கடைசி நிறுத்தம்வரை எழுப்பவில்லை. அடுத்து வாத்தியார். அவர் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. வண்டியக்கா வீட்டுக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்தாள். "அந்த மரத்தடியில உட்கார்ந்து சாகறதுக்கு, என் ஈஸிசேர் நல்லா இருக்கும்மா" என்றார். இரண்டு வாரம் தாங்கவில்லை.

மகாராணி விடவில்லை. புடவைக்குக் கஞ்சி போடுவதை நிறுத்தியிருந்தாள், பவுடரை நிறுத்தவில்லை. வீங்கின முகத்தில் அது திட்டுத் திட்டாக நிற்கும். வேனைப் பரிசோதனை வண்டியாக்கிப் புது வர்ணம் அடிக்கும்வரை அது சும்மாதான் நிற்கிறது என்பதால், வண்டியக்கா யாரையும் கேட்காமல் சாவியை எடுத்துக்கொண்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாள். மேனேஜருக்குத் தெரியும். ஒரு தடவை டயரைப் பார்த்து, "வண்டி தூங்கும்போது நடக்குது போல" என்றதோடு சரி.

கடைசியாகப் போன அன்று, அவர்கள் முறை வந்தபோது, விஷம் குடித்த பெண் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரத்தத்திலிருந்து விஷத்தை எடுக்க இயந்திரம் அவளுக்குப் போனது. வண்டியக்கா டெக்னீஷியனிடம் சண்டைக்கு நின்றாள்.

"போன வாரமும் இதான் சொன்னீங்க! இவ காலப் பாருங்க, மூச்சப் பாருங்க. இவ மட்டும் அவசரம் இல்லியா?"

அவனும் எத்தனை பேர் வாயால் இதைக் கேட்டிருப்பானோ, தலையைக் குனிந்துகொண்டான். தரையில் சாய்ந்திருந்த மகாராணி அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்க அண்ணி. அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு. எனக்குப் படுக்கணும் போல இருக்கு, வீட்டுக்குப் போலாம்."

மூன்றாம் நாள் காலையில் தம்பி வீட்டில் அவள் தலையணைகளை முதுகுக்கு அடுக்கி உட்காரவைக்கப்பட்டிருந்தாள். படுத்தால் மூச்சு நின்றுவிடும்போல இருந்தது. உதடு நீலம். தம்பி ஆம்புலன்ஸுக்குப் போன் மேல் போன் போட்டுக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தான். வண்டியக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்திருந்தாள். டயாலிசிஸ் ஊசி ஏற்றும் அந்தக் கையில், அதற்காக ஆபரேஷன் செய்து இணைத்திருந்த நரம்பு இன்னமும் பூனை உறுமுகிற மாதிரி அதிர்ந்துகொண்டிருந்தது.

"அண்ணி. தண்ணி."

பிளாஸ்க்கைத் திறந்து ஐஸ் கட்டியை எடுத்தாள். மகாராணி தலையை ஆட்டினாள்.

"கட்டி வேணாம். தண்ணி. நிறைய."

வண்டியக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். இருப்பதிலேயே பெரிய சொம்பை எடுத்தாள். குழாயைத் திறந்துவிட்டு அது நிறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிறைந்தபின்னும் வழியவிட்டு நின்றாள். பிறகு கொண்டுவந்து தன் கையால் பிடித்துக் கொடுத்தாள். மகாராணி கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். கழுத்து வழியே வழிந்தது, ரவிக்கை நனைந்தது, நிறுத்தவில்லை. மூச்சுக்காக நிறுத்துவாள், மறுபடி குடிப்பாள். கால்வாசி மிச்சம் இருக்கும்போது சொம்பைத் தள்ளிவிட்டு, "என்ன ருசி அண்ணி" என்றாள்.

ஆம்புலன்ஸ் வந்தபோது ஏற்றிப்போக அவள் இல்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒருநாள் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். வேன் தயாராகிவிட்டது, பரிசோதனை வண்டிக்கும் அவளே டிரைவர், திங்கட்கிழமை வந்துவிடச் சொன்னார். "வேற ஆளப் பாருங்க சார்" என்றாள் வண்டியக்கா. அவர் ஒன்றும் வற்புறுத்தவில்லை. அடுப்படி வாசலில் நின்ற வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் பேச வாயெடுத்து, இருமல் பிடித்துக்கொண்டு, நெஞ்சு மருந்தை இழுத்து நிதானத்துக்கு வரக் கொஞ்ச நேரமாயிற்று. அந்த நேரம் முழுக்க மூன்று பேரும் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எனக்காகப் போகாத" என்றார் வீட்டுக்காரர், மேனேஜர் போன பிறகு.

"வேற யாருக்காகப் போறது?" என்றாள் அவள்.

திங்கட்கிழமை போனாள். வேன் வெள்ளையும் பச்சையுமாகப் பளபளத்தது. பக்கவாட்டில் சிரிக்கிற குடும்பம் ஒன்றின் படம். உள்ளே இருக்கைகளைக் கழற்றி மேசையும் குளிர்பெட்டியும் பொருத்தியிருந்தார்கள். புது லேடி டாக்டர் சுறுசுறுப்பானவள், படிப்பு முடித்த கையோடு வந்தவள்.

அந்த வாரமே தம்பி தெருவுக்கும் போகவேண்டியிருந்தது. ஒரு வீட்டுச் சுவரில் மீட்டர் பெட்டியைத் திறந்து வேலை செய்துகொண்டிருந்த தம்பி, வேன் சத்தம் கேட்டுத் திரும்பினான். கண்ணாடியை இறக்கினாள்.

"சாப்பிட்டியாடா?"

அவன் வேனை முன்னாலிருந்து பின்னால்வரை பார்த்தான்.

"எப்படிக்கா இதுல ஏறி உட்கார உன்னால முடியுது?"

அவளிடம் பதில் இருந்தது. வீட்டுக்காரரின் மருந்து, தன் வயது, வேறு யாரும் ஒரு பெண்ணுக்கு வண்டி தரமாட்டார்கள் என்பது. அவன் பெட்டியை மூடி, கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்துக்குள் நடந்துவிட்டான். அதன் பின் போன் செய்தால் எடுப்பதில்லை. வாசலுக்குப் போனால், உள்ளே விளக்கு எரியும், கதவு திறக்காது.

பரிசோதனை வண்டியால் நல்லது நடந்தது. நடக்கவில்லை என்று சொன்னால் அநியாயம். பிரஷர் இருப்பதே தெரியாமல் திரிந்தவர்களுக்கு மாத்திரை கிடைத்தது. கர்ப்பிணி ஒருத்தியை நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பிழைக்கவைத்தார்கள். வண்டியக்கா எல்லாவற்றையும் ஸ்டியரிங் மேல் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்படவேண்டும் என்று தெரிந்தது.

ஒருநாள் சந்தைப் பக்கம் நிறுத்தியிருந்தபோது, போன முறை ரத்தம் கொடுத்த செருப்புக்கடைக்காரர் முடிவைக் கேட்க வந்தார். நடுத்தர வயது, வாட்டசாட்டமான ஆள். டாக்டர் தாளைப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். அவரை உட்காரவைத்து, காலை அழுத்திப் பார்த்தாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"ரெண்டு கிட்னியும் ரொம்ப மோசமா இருக்கு. சீக்கிரமே டயாலிசிஸ் ஆரம்பிக்கணும்."

அவர் பதறவில்லை. நம்பிக்கையோடு கேட்டார். "நல்லவேளை, நீங்க வந்து கண்டுபிடிச்சீங்க. இல்லேன்னா தெரியாமலே போயிருக்கும். சரிம்மா, அதுக்கு நான் எங்க போகணும்?"

டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியின் பெயரை எழுதிக் கொடுத்தாள். ஊருக்குப் புதியவள், அந்த மரத்தடியை அவள் பார்த்ததில்லை. அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கும்பிட்டு இறங்கி, டிரைவர் ஜன்னல் பக்கமாக வந்தார்.

"அந்தப் பக்கமெல்லாம் போயிருப்பீங்களேக்கா. அங்க உடனே பார்ப்பாங்களா?"

வண்டியக்கா அவருடைய முகத்தைப் பார்த்தாள். ஊரையே வாயால் மடக்கிய அவள், சொல்ல ஒரு வார்த்தை தேடினாள்.

"வெள்ளனவே, விடியறதுக்கு முன்னாடியே போயிடுங்க" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுக் கடையைத் திறக்கப் போனார். டாக்டர் உள்ளிருந்து அடுத்த தெருவுக்கு நேரமாகிறது என்று குரல் கொடுத்தாள். வண்டியக்கா சாவியைத் திருப்பினாள்.